காந்தகார் சண்டையும் ஸ்காபரோ சாப்பாட்டு மேசையும்

கனடாவுக்கு வந்த புதிதில் குளிர், வாடகை, பஸ் மாறுவது என்று பழக வேண்டியவை நிறைய இருந்தன. எல்லாம் பழகியது. ஒரு நாடு தன்னுடைய போரைப் பற்றித் தானே சத்தமாக வாதாடுவதைப் பழகத்தான் எனக்குக் காலம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை தொடங்கினால் முதலில் கதவைச் சாத்துவோம். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நான் வேலை செய்த தொழிற்சாலையில், ஆப்கானிஸ்தானுக்கு ஆமியை அனுப்பியது சரியா பிழையா என்று மேசையில் தட்டிச் சண்டை பிடிப்பார்கள். மணி அடித்ததும் ஒன்றாக எழும்பி மெஷினுக்குப் போவார்கள்.

கனேடியப் படை காபூலை விட்டுக் காந்தகாருக்கு மாறிய பிறகு, 2006இல் இழப்புகள் கூடின. உடல்கள் ட்ரென்டன் விமானத் தளத்தில் இறங்கி, 401 நெடுஞ்சாலை வழியாக ரொறன்ரோவுக்கு வரும். மேம்பாலங்களில் சனம் கொடியோடு நிற்கும். 2007இல் அந்தச் சாலைக்கே 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்தார்கள். நானும் ஒருமுறை போய் நின்றேன். அந்தப் போரில் எனக்கு நம்பிக்கை இருந்ததென்று அல்ல. இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள். போகாமல் இருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

2001இல் கனடா ஆப்கானிஸ்தானுக்குப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். செப்டம்பர் 11 தாக்குதலில் 24 கனேடியர்களும் இறந்தார்கள். அதைச் செய்த அல்கைதாவுக்குத் தலிபான் இடம் கொடுத்திருந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். பள்ளிக்கூடம் கட்டுவது, காந்தகாரின் டாலா அணையைத் திருத்துவது, காவல்துறையைப் பழக்குவது என்று நோக்கம் நீண்டுகொண்டே போனது. எது நடந்தால் வென்றதாகக் கணக்கு என்று எவராலும் சொல்ல முடியவில்லை. 2011 வரையான செலவு 1,800 கோடி டொலரைத் தாண்டலாம் என்று நாடாளுமன்ற வரவுசெலவு அதிகாரி 2008இல் கணக்குக் காட்டினார். அதற்கும் மேசையில் இரண்டு கட்சி.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 1987இல் இந்திய ஆமி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது மாலை போட்டு வரவேற்றவர்கள் நாங்கள். ஒக்டோபரில் அதே ஆமியோடு சண்டை. சுமார் 1,200 இந்தியப் படையினரும், எங்கள் சனம் எத்தனையோ பேரும் இறந்த பிறகு, 1990 மார்ச்சில் கப்பலேறிப் போய்விட்டார்கள். வெளியிலிருந்து வருகிற ஆமி ஒருநாள் திரும்பிப் போகும் என்பது ஊர்ச் சனத்துக்கு முதல் நாளே தெரியும். அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் வாய் திறப்பார்கள். காந்தகார்க் கிராமத்துக் கிழவர் கனேடியச் சிப்பாயோடு தேநீர் குடிக்கும் படத்தைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம், இரவில் அவர் கதவைத் தட்டப்போவது யார் என்றுதான் யோசித்தேன்.

தலிபானோடு பேச வேண்டும் என்று 2006இல் சொன்ன புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜாக் லேட்டனை 'தலிபான் ஜாக்' என்று கேலி செய்தார்கள். எங்கள் மேசையிலும் சிரித்தார்கள். 2020இல் டோஹாவில் அமெரிக்காவே தலிபானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, அதுவும் காபூல் அரசை வெளியே வைத்துவிட்டு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் காந்தகாரும் விழுந்தது, காபூலும் விழுந்தது. கனடா இழந்த படையினர் 158 பேர்.

அப்புறம் 40,000 ஆப்கானியர்களை எடுப்பதாகக் கனடா சொன்னது. 2023இல் அந்த எண்ணிக்கையை எட்டியும் விட்டது. நல்ல காரியம். ஆனால் ஆமிக்கு மொழிபெயர்த்தவர்களை, தலிபான் காபூலுக்குள் வரும் வரை காத்திருக்காமல் முன்னமே கூட்டி வந்திருக்கலாம்.