துறைமுக வாய் டால்பின் நோட்டு

மார்ச் 3
இன்னிக்கு காத்து கம்மி. துறைமுக வாய்ல டால்பின் கூட்டம், கப்பலுக்காக ஆழப்படுத்துன கால்வாயோட ஓரத்த விட்டு நகரவே இல்ல. வேடிக்கை காட்டவா வருதுங்க? ஏத்தவத்த நேரத்துல நீரோட்டம் அந்தக் குறுகலான இடத்துல மீனக் குவிச்சுத் தருது, ஒரு பக்கம் கல் சுவரு வேற, அதுல மடக்கித் திங்கறது ஈஸி, அவ்ளோதான்.

மார்ச் 4
மழை. முதுகுத் துடுப்பு போட்டோ மட்டும் பிரிச்சேன். பின் ஓரத்துல இருக்கற வெட்டு, கிழிசல வெச்சுதான் எது எதுன்னு சொல்ல முடியும்.

மார்ச் 7
வேகப் படகு ஒண்ணு நேரா கூட்டத்துக்குள்ள புகுந்துச்சு. டக்குனு எல்லாம் நெருக்கமா ஒட்டிக்கிச்சு, முங்குனா வெளிய வர ரொம்ப நேரம் ஆச்சு, வந்ததும் இரை தேடறத விட்டுட்டு ஒரே திசைல போக ஆரம்பிச்சுருச்சு, கரைல நிக்கறவங்க என்னடான்னா டால்பின் ஜாலியா விளையாடுதுன்னு கை தட்டறாங்க. எரிச்சலா வந்துச்சு. டால்பின் கண்ணுக்குத் தெரியுதுங்கறதும் அது நல்லா இருக்குங்கறதும் வேற வேறங்க. ஆஸ்திரேலியா மங்கி மியால ஆளுங்க கையால மீன் வாங்கித் தின்ன தாய் டால்பின்களோட குட்டிங்க அதிகமா செத்துச்சு, அப்பறம்தான் தீனி போடறதுக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க. கிட்ட வந்ததுதான், ஆனா விலை குட்டி தலைல.

மார்ச் 12
இழுவலைப் படகு பின்னாடியே ரெண்டு மூணு டால்பின் போச்சு, வலைல இருந்து தப்பறது, கழிச்சுப் போடறது எல்லாம் அதுங்களுக்கு. மத்தது திரும்பிக்கூட பாக்கல. இதே கதைய பெருசா பாத்த இடம் ஆஸ்திரேலியாவோட மோர்டன் வளைகுடா, அங்க இழுவலை பின்னாடி போற டால்பின், போகாத டால்பின்னு ரெண்டு கூட்டம், ஒரே தண்ணில இருந்தும் ஒண்ணோட ஒண்ணு சேராதாம், 2001-ல எழுதியிருக்காங்க. அப்பறம் அங்க இழுவலை கொறஞ்சுது, ரெண்டு கூட்டமும் கலந்துருச்சு! நாம தொழில மாத்துனா அதுங்க யாரோட சுத்துதுங்கறதே மாறுது. இத படிச்சதுல இருந்து எனக்கு வேற எதுவும் ஓடல.

மார்ச் 15
ஹாங்காங்ல 2020-ல வேகமா போற பயணிகள் படகு நின்னதும் அந்தப் பாதைல டால்பின் திரும்ப வந்துச்சு. அப்போ இங்கயும் படகு இல்லாத நேரத்துல என்ன பண்ணுதுன்னு தனியா பாக்கணும். விடியக்காலைலயே போயிடணும், நோட்டுல படகு நேரத்துக்கு ஒரு பத்தி சேத்தாச்சு.