மம்மி எந்திரிச்சா மொதல்ல யாரத் தேடும்?

போன மாசம் பூரா இங்க சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல போகவர ஒரே மம்மி காதல் கதையா படிச்சிட்டு இருந்தேன். ஈஷூன்ல ஏறி ஒக்காந்தா ரேஃபிள்ஸ் பிளேஸ் வர்ற வரைக்கும் நல்ல நேரம் கெடைக்கும், ஃபோன்லயே லைப்ரரி ஆப்ல இரவல் எடுத்துக்கலாம், ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு நாலு நாவல் ஓடிருச்சு. எல்லாம் இங்கிலீஷ் நாவல்தான். செத்து மூவாயிரம் வருஷமான எகிப்து ராஜாவோ பூசாரியோ மியூசியத்துல கண்ணு முழிப்பான், அங்க வேலை பாக்கற பொண்ணு மேல காதல் வரும், நடுவுல ஒரு சாபம், ஒரு வில்லன். எனக்கு இந்த மாதிரி கதை உண்மையாவே ரொம்பப் பிடிக்கும். செத்தவங்க திரும்பி வந்துட மாட்டாங்களான்னு ஒரு தடவையாச்சும் நெனைக்காத ஆளு யாரு இருக்கா சொல்லுங்க.

ஆனா நாலுலயும் ஒரு எடத்துல மனசு நின்னு போச்சு. எந்திரிச்சு வர்றவனுக்கு அந்தக் காலத்துல ஒரு பொண்டாட்டியோ காதலியோ இருந்திருப்பா, அவள நெனச்சு ரெண்டு பக்கம் அழுவான், அப்புறம் பாத்தா மியூசியத்துல வேலை பாக்கற பொண்ணுதான் அவளோட மறுபிறவின்னு சொல்லிருவாங்க, அதோட அந்தப் பழைய பொண்ணு கதைய விட்டே போயிருவா. நமக்கு இது சட்டுனு உள்ள எறங்கிரும், ஏன்னா பூர்வஜென்மக் கதை கேட்டு வளந்த ஆளுங்க நாம. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மறுபடி வேற ஒடம்புல பொறந்துக்கலாம்னு நெனக்கிற ஜனமா இருந்தா அந்தப் பழைய ஒடம்ப எதுக்கு அவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தணும்? நாம எரிச்சிட்டுப் போயிட்டே இருக்கோம். அவங்களுக்கு அதே ஒடம்பு, அதே பேரு, அதே ஆளு வேணும். பா-ன்னு ஆவி மாதிரி ஒண்ணு சொல்லுவாங்க, மனுஷத் தலை வச்ச பறவை மாதிரி வரைஞ்சிருப்பாங்க, அது பகல்ல வெளிய சுத்திட்டு ராத்திரி ஆனா தன்னோட ஒடம்புக்குத் திரும்பி வரணும். ஒடம்பு அழிஞ்சு போச்சுன்னா அதுக்குக் கூடு கெடையாது. அதனாலதான் அந்த 70 நாள் வேலை, நாட்ரான்னு ஒரு உப்புல போட்டுக் காய வைக்கறது, மெழுகு, பிசின், கட்டுக் கட்டா லினன் துணி எல்லாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, மூளைய மூக்கு வழியா கொக்கி விட்டு எடுத்துருவாங்க, அதுக்கு ஒரு மதிப்பும் கெடையாது. கல்லீரல், நுரையீரல், வயிறு, குடல் இதெல்லாம் தனியா எடுத்து ஜாடில வைப்பாங்க. இதயத்த மட்டும் உள்ளயே விட்டுருவாங்க. நெனப்பு, புத்தி, குணம் எல்லாம் அதுலதான் இருக்குன்னு நம்பிக்கை. செத்ததுக்கு அப்புறம் மாத்ங்கற சத்தியத் தெய்வத்தோட இறகு ஒரு தட்டுல, இதயம் இன்னொரு தட்டுல வச்சு நிறுப்பாங்க, அதுக்குத்தான் அது வேணும். ஒரு காதல் கதை எழுதறவருக்கு இத விட என்ன வேணும்? மூவாயிரம் வருஷம் கழிச்சு எந்திரிக்கிறவன்கிட்ட மூளை இருக்காது, இதயம் இருக்கும். நான் படிச்ச நாலுல ஒண்ணு கூட இதத் தொடல.

2013ல மெரினா பே ஆர்ட்சயின்ஸ் மியூசியத்துல பிரிட்டிஷ் மியூசியம் மம்மி கண்காட்சி ஒண்ணு வந்துச்சு, ஞாபகம் இருக்கறவங்க இருப்பீங்க. நெஸ்பெரென்னூப்னு ஒரு பூசாரி, கார்னாக் கோயில்ல வேலை பாத்தவரு, செத்து ஏறக்கொறைய 2800 வருஷம் ஆச்சு. கட்டப் பிரிக்காமயே ஸ்கேன் எடுத்து உள்ள இருக்கறத 3டி படமா காட்டுனாங்க. அவரு தலைல ஒரு மண் கிண்ணம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பிசின் ஊத்தறப்ப வழியறதப் பிடிக்க வச்ச கிண்ணமா இருக்கும், அது அப்படியே எறுகி ஒட்டிருச்சு, எடுக்க முடியாம அதோடயே சுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. இருட்டுல அந்த 3டி கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்தக் கிண்ணத்தையே பாத்துட்டு இருந்தேன். அது வரைக்கும் மம்மின்னா எனக்கு செந்தோசால இருக்கற ரோலர் கோஸ்டர்தான். அன்னிக்குத்தான் இவரு ஒரு ஆளு, இவர சுத்திக் கட்டுனதும் கை நடுங்குன மனுஷங்கதான்னு உள்ள போச்சு.

சரி, கதைக்கு வர்றேன். இந்த வகைல பழைய கதைங்கள தேடிப் போனப்ப கோனன் டாயில் 1890ல எழுதுன தோத்தின் மோதிரம்ங்கற சிறுகதை கெடச்சுது (தோத் ஒரு எகிப்துக் கடவுள்), ஷெர்லக் ஹோம்ஸ் எழுதுனவரேதான். பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல ஒரு வேலையாளு. அவன் சாகா மருந்து போட்டுக்கிட்ட எகிப்துக்காரன், ஆனா அவன் காதலிச்ச ஆத்மாங்கற பொண்ணு அந்த மருந்த எடுத்துக்கறதுக்குள்ள கொள்ளை நோய்ல செத்துட்டா. நம்ம காதுக்கு அந்தப் பேரே எப்படிக் கேக்குது பாருங்க. ஆயிரக்கணக்கான வருஷமா அவன் தேடறது என்ன தெரியுமா, அந்தச் சாகா மருந்த முறிச்சு தானும் சாகறதுக்கு ஒரு மாத்து மருந்து. அவ ஒடம்பு எந்த மியூசியத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சு, அங்க வேலைக்குச் சேந்து, கடைசில அவ மம்மியக் கட்டிப் பிடிச்சபடி செத்துக் கெடப்பான். இதப் படிச்சப்ப நான் எறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிப் போயிட்டேன். நாலு நாவல்ல கெடைக்காதது ஒரு சின்னக் கதைல இருந்துச்சு. எழுப்பறது இல்ல விஷயம், பக்கத்துல போய்ப் படுக்கறதுதான் விஷயம்.

அதுக்கும் முன்னாடி எகிப்துக்காரங்களே எழுதி வச்சது ஒண்ணு இருக்கு, அதப் பத்தி எழுதத்தான் இந்தப் போஸ்டே. செத்னே கதைன்னு சொல்லுவாங்க. அலெக்ஸாண்டருக்கு அப்புறம் எகிப்த ஆண்ட தாலமி ராஜாக்கள் காலத்துப் பாப்பிரஸ் சுருள், இப்ப கெய்ரோல இருக்கு. செத்னேங்கறவன் ரெண்டாம் ராம்செஸோட மகன் காயெம்வாசெத், நெசமாவே வாழ்ந்தவன், மெம்ஃபிஸ்ல ப்தா கோயில் தலைமைப் பூசாரியா இருந்தவன். கதைல அவன் தோத் கடவுள் தன் கையால எழுதுன மந்திரப் புத்தகத்தத் தேடி எப்பவோ செத்துப்போன நனெஃபெர்காப்தாங்கறவனோட கல்லறைக்குள்ள போறான். உள்ள வெளக்கு இல்ல, அந்தப் புத்தகமே வெளிச்சம் குடுத்துட்டு இருக்கு. செத்தவன் அங்க இருக்கான், பக்கத்துல அவன் பொண்டாட்டி ஆஹ்வெரெ, மகன் மெரிப். அவதான் பேசறா. இந்தப் புத்தகத்துக்காக நாங்க பட்டத கேளுன்னு சொல்றா. புருஷன் காப்டாஸ் ஊருக்குப் போயி தண்ணிக்கு அடில பெட்டிக்குள்ள பெட்டியா வச்சிருந்த புத்தகத்த எடுத்தான், தோத்துக்குக் கோவம் வந்துச்சு, திரும்பி வர்ற வழில படகுலருந்து மகன் நைல் ஆத்துல விழுந்து செத்தான், அவன காப்டாஸுக்கே கொண்டு போயிப் பொதச்சிட்டு மறுபடி கெளம்புனா அதே எடத்துல அவளும் விழுந்தா, அவளையும் காப்டாஸ்ல பொதச்சான், அப்புறம் அவன் தனியாளா மெம்ஃபிஸுக்குப் போயி அப்பா கேட்டா என்ன பதில் சொல்லுவேன்னு நெனச்சு புத்தகத்த ஒடம்போட கட்டிக்கிட்டு அவனும் ஆத்துல எறங்கிட்டான். அவன் ஒடம்பு மட்டும் மெம்ஃபிஸ் போய்ச் சேந்துச்சு.

அப்போ கவனிங்க, கல்லறைல அவன் பக்கத்துல இருந்து பேசறவ ஆவி மட்டும்தான். அவ ஒடம்பும் புள்ளை ஒடம்பும் எங்கயோ தெக்க காப்டாஸ் மண்ணுல கெடக்கு.

செத்னே கேக்காம புத்தகத்தத் தூக்கிட்டுப் போறான், போகப் போக வெளிச்சம் அவன் முன்னாடியே போகுது, இருட்டு பின்னாடியே வருது, ஆஹ்வெரெ அழறா. அப்புறம் அவனுக்கு நடக்கற கஷ்டமெல்லாம் நடந்து, கடைசில புத்தகத்தத் திருப்பிக் குடுக்க வர்றான். வேற என்ன செய்யணும்னு கேக்கறப்ப செத்தவன் ஒண்ணே ஒண்ணு கேக்கறான்: காப்டாஸ்ல கெடக்கற என் பொண்டாட்டியையும் புள்ளையையும் இங்க கொண்டாந்து சேரு. ராஜா மகன் போயி மூணு ராத்திரி மூணு பகல் கல்லறை கல்லறையாத் தேடறான், கெடைக்கல. அப்ப அந்த மம்மி எந்திரிக்கறான். கெழவன் வேஷத்துல காப்டாஸுக்கு வந்து, காவல் தலைவர் வீட்டோட தெக்கு மூலைக்கு அடிலதான் இருக்குன்னு எங்க தாத்தாவோட அப்பா சொல்லிருக்காருன்னு வழி காட்டறான். வீட்டையே இடிக்கிறாங்க. கீழ ரெண்டு பேரும் இருக்காங்க.

செத்தவன் எந்திரிச்சு வந்தது இதுக்குத்தான். புதுசா ஒரு பொண்ணத் தேடி வரல, பொண்டாட்டி எலும்பு எங்க இருக்குன்னு காட்டிக் குடுக்க வந்தான்.

காப்டாஸ்ங்கற பேரப் பாத்ததும் எனக்கு இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. ரோமர் காலத்துல நம்ம பக்கத்துலருந்து போன மிளகு பெரெனிகே, மையோஸ் ஹோர்மோஸ் மாதிரி செங்கடல் துறைல எறங்கி, ஒட்டகத்துல பாலைவனம் தாண்டி, இந்தக் காப்டாஸுக்குத்தான் வரும், அங்கருந்து நைல்ல படகு. பெரெனிகே கோயில்ல ஒரு பெரிய ஜாடில ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்துச்சு. அந்தக் கரைல தமிழ் பிராமி எழுதுன பானைத் துண்டும் கெடச்சிருக்கு. அத விட, செத்னேவோட அப்பா ராம்செஸ் இருக்காரே, கி.மு. 1213ல செத்தவரு, அவரு மம்மியோட மூக்குல மிளகு அடச்சு வச்சிருந்தாங்க. 2021ல அவரையும் சேத்து 22 ராஜா ராணிங்கள கெய்ரோல ஊர்வலமா புது மியூசியத்துக்குக் கொண்டு போனத லைவ்ல பாத்தேன், எனக்கு அந்த மிளகு நெனப்புதான். நம்ம மலைல காய்ச்சது.

நம்மகிட்டயும் இந்தக் கதை இருக்கு. புறநானூறு 256. புருஷன் செத்துப் போயிட்டான், பொண்டாட்டி கொசவர்கிட்ட போயிக் கேக்கறா, வண்டிச் சக்கர ஆரக்கால்ல ஒட்டிக்கிட்டு வந்த பல்லி மாதிரி நான் இவரோட எத்தன காடு கடந்து வந்தவ, அதனால இவரப் பொதைக்க செய்யற தாழிய எனக்கும் சேத்து அகலமா செய்யின்னு. எழுதுனவரு பேரு கூட இல்ல. மொத்தமே ஏழு வரிதான், அதுக்குள்ள மொத்த எகிப்தும் இருக்கு எனக்கு.

இதெல்லாம் ஏன் இப்படி ஒட்டிக்குதுன்னு எனக்குத் தெரியும். எங்க ஐயா, அப்பாவோட அப்பா, இங்க துறைமுகத்துல வேலை பாத்தவரு, 1978ல இங்கயே போயிட்டாரு, அஸ்திய சாங்கிப் பக்கம் கடல்ல கரச்சாங்க. அப்பாயி பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர்ல இருந்தாங்க. ஃபோன்ல பேசறப்பல்லாம், "என்னய அங்கன கொண்டாந்து ஒங்க ஐயாகிட்ட விட்டுருங்கடா"ம்பாங்க. நாங்க சரி அப்பாயின்னு சொல்லிருவோம். 2021ல அவங்க போனப்ப யாரும் போக முடியல, எல்லாம் ஃபோன்லதான் பாத்தோம். சித்தப்பா கோடியக்கரைல அஸ்தி கரச்சிட்டு, அண்ணன் வரட்டும்னு கொஞ்சத்த மட்டும் ஒரு சின்ன சொம்புல போட்டு மஞ்சத்துணி கட்டி, வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு கொல்லைல புங்க மரத்துல தொங்க விட்டாங்க. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன், அப்புறம் அது இதுன்னு வருஷம் போயிருச்சு.

போன ஞாயித்துக்கெழமை சாப்புட்டு முடிச்சதும் அப்பாகிட்ட இந்தக் காப்டாஸ் கதைய மொதல்லருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். அவரு இங்கிலீஷ் நாவல் படிக்கற ஆளு இல்ல, ஆனா கதைன்னா கேப்பாரு. காவல் தலைவர் வீட்ட இடிச்ச எடம் வந்தப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சு, "அந்தக் கெழவன் வேஷத்துல வந்தவன் அவந்தானா?"ன்னு மட்டும் கேட்டாரு. ஆமாப்பான்னேன்.

சாயங்காலம் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டாரு. துணி நைஞ்சு போச்சாம், மழைல ரெண்டு தடவ மாத்திக் கட்டிருக்காங்க, சொம்பு பத்திரமா இருக்காம். தகன சர்ட்டிஃபிகேட் எங்க இருக்குன்னு தேடச் சொல்லிருக்காரு. திருச்சிக்கு டிக்கெட் ரெண்டு போட்டாச்சு, நானும் போறேன். திரும்பி வர்றப்ப சொம்ப கைப்பைல வச்சு நான் மடிலயே வச்சுக்கறேன்னு சொல்லிருக்கேன்.