வயர்லெஸ் வலையமைப்பில் இறுதியாண்டு ஆய்வு: சிமுலேஷனுக்கு முன் போட வேண்டிய கணக்கு

வயர்லெஸ் நெறிமுறைகளில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியால்தான் போகிறார்கள். என்எஸ்-3 என்னும் வலையமைப்புச் சிமுலேட்டரை இறக்கி, அதோடு வரும் உதாரணக் கோப்பு ஒன்றைத் திறந்து, கணுக்களின் எண்ணிக்கையை மாற்றி ஓடவிட்டு, வரைபடம் கீறுவார்கள். வரைபடம் அழகாகத்தான் வரும். "இந்த த்ரூபுட் ஏன் இவ்வளவு?" என்று, அதாவது செக்கனுக்கு உண்மையில் போய்ச்சேரும் தரவின் அளவைப் பற்றி, வைவாவில் கேட்டால் மறுமொழி இராது. அதற்கு மருந்து ஒன்றுதான்: ஓடவிடும் முன் விடையைக் கையால் கணித்து வைத்திருப்பது.

802.11ஏ என்னும் வைஃபை தரம், 54 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு மெகாபிட்), ஒரேயொரு அனுப்புநர், 1500 பைட் ஐபி பாக்கெட் என்று எடுங்கள். ஸ்லொட் (காத்திருப்பை எண்ணும் நேர அலகு) 9 மைக்ரோசெக்கன், சிஃப்ஸ் (பாக்கெட்டுக்கும் ஏற்புச் செய்திக்கும் நடுவிலுள்ள குறு இடைவெளி) 16. ஆகவே டிஃப்ஸ் (அனுப்பத் தொடங்கும் முன் விட வேண்டிய இடைவெளி) 16 + 2×9 = 34. போட்டிச் சாளரம் (எழுமாறாகக் காத்திருக்கும் ஸ்லொட்டுகளின் உச்ச எண்) 15இல் தொடங்குவதால் சராசரிக் காத்திருப்பு 7.5 ஸ்லொட், அதாவது 67.5. பாக்கெட்டோடு மேக் அடுக்கின் (சனலைப் பகிர்ந்துகொள்ளும் அடுக்கு) 36 பைட்டும் பௌதிக அடுக்கின் 22 பிட்டும் சேர 12,310 பிட். ஒரு குறியீட்டுக்கு (ஒரே தடவையில் அலையில் ஏறும் பிட் தொகுதி) 216 பிட் என்றால் 57 குறியீடுகள், ஒவ்வொன்றும் 4 மைக்ரோசெக்கன், ஆக 228. முன்னோட்டப் பகுதி 20ஐயும் கூட்ட 248. பிறகு சிஃப்ஸ் 16, 24 எம்பிபிஎஸ்ஸில் வரும் ஏற்புச் செய்தி 28. எல்லாம் சேர்ந்து 393.5 மைக்ரோசெக்கன். 12,000 பிட்டை அதனால் வகுத்தால் 30.5 எம்பிபிஎஸ். அட்டையில் 54 என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது இவ்வளவுதான்.

ஒரு அனுப்புநரை மட்டும் வைத்து ஓடவிட்டு, இந்த எண் வருகிறதா என்று முதலில் பாருங்கள். 16 எம்பிபிஎஸ் வந்தால் பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். என்எஸ்-3இல் தரவை அனுப்பும் ஓன்-ஓஃப் செயலி தானாக எடுப்பது 512 பைட், அந்த அளவை வைத்து மேலே போட்ட அதே கணக்கு 16.2 தான் தரும். அரை எம்பிபிஎஸ் மட்டும் வந்தால் அதே செயலியின் இயல்பு வேகமான 500 கேபிபிஎஸ்ஸை மாற்றாமல் விட்டிருப்பீர்கள். இரண்டு சதவீத வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு: என்எஸ்-3இன் அளவிடும் கருவியான ஃப்ளோமொனிட்டர் ஐபி, யுடிபி ஹெடர்களையும் சேர்த்து எண்ணும், பெறும் செயலி எண்ணாது. எதை எண்ணினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

அடுத்த பொறி அலைபரவலில் இருக்கிறது. தூரத்தோடு சிக்னல் குறைவதைக் கணிக்கும் லொக்-டிஸ்டன்ஸ் மாதிரியின் இயல்பு மேற்கோள் இழப்பு 46.6777 டெசிபெல். அது 5.15 கிகாஹேர்ட்ஸில் ஒரு மீட்டர் தூரத்துக்கான பெறுமானம். 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு வர வேண்டியது ஏறக்குறைய 40. மாற்ற மறந்தால் 6.6 டெசிபெல் வீணாகப் போகும். இழப்பின் அடுக்கு (தூரத்தின் எத்தனையாவது வலுவாக இழப்பு கூடுகிறது என்பது) 3 ஆக இருக்கையில் உங்கள் கணுக்கள் எட்டும் தூரம் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடும். பிறகு "கணுக்கள் கூடக்கூட இணைப்பு அறுகிறது" என்று முடிவெழுதினால், அது நெறிமுறையைப் பற்றிய முடிவே அல்ல.

மையமில்லா வலையமைப்பில் பாதை தேடும் நெறிமுறைகளான ஏஓடிவியையும் ஓஎல்எஸ்ஆரையும் ஒப்பிடுவது அளவுக்கு மீறிச் செய்யப்பட்ட தலைப்பு. இரண்டின் ஆர்எஃப்சி ஆவணங்களும் (3561, 3626) 2003இல் வந்தவை. அதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் நீதியாகச் செய்யுங்கள். ஓஎல்எஸ்ஆர், அயல் கணுக்களை அறியும் ஹலோ செய்தியை 2 செக்கனுக்கு ஒருமுறையும் இடவியல் செய்தியை 5 செக்கனுக்கு ஒருமுறையும் அனுப்புகிறது. முதல் செக்கனிலேயே தரவைத் தொடங்கினால், பாதை அட்டவணை நிரம்பும் முன்பே அதைத் தோற்கடித்தவர்களாவீர்கள். 30 செக்கனாவது பொறுத்து அளக்கத் தொடங்குங்கள். எல்லாத் தரவோட்டங்களையும் ஒரே கணத்தில் தொடங்கவும் கூடாது. மேக் முகவரியைக் கேட்டு அனுப்பப்படும் ஏஆர்பி ஒலிபரப்புகள் ஒன்றோடொன்று மோதி முதல் பாக்கெட்டுகளை இழக்கச் செய்யும், ஆகவே ஒவ்வொன்றையும் சிறிது எழுமாறாகத் தள்ளி வையுங்கள். கணுக்கள் எழுமாறான இடங்களுக்குச் செல்லும் ரண்டம் வேபொயின்ட் நகர்வில் மிகக் குறைந்த வேகத்தை 0 என்று வைத்தால், மெதுவான வேகம் விழுந்த கணுக்கள் நெடுநேரம் அதிலேயே தேங்கி, சராசரி வேகம் நேரம் போகப்போக இறங்கும். 1 மீட்டர்/செக்கன் என்று வையுங்கள், அல்லது என்எஸ்-3இல் உள்ள நிலைத்த நிலை வடிவத்தைப் பாவியுங்கள்.

ஒரு தடவை ஓடிய விடை விடையல்ல. எழுமாற்று எண்களைப் பிறப்பிக்கும் சீட் எண்ணைத் தொடாமல் ரன் எண்ணை மட்டும் 1 முதல் 10 வரை மாற்றுங்கள். தனித்தனி ரன்களின் எழுமாற்று ஓடைகள் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி அமைக்கப்பட்டவை, சீட்டை மாற்றினால் அந்த உறுதி இல்லை. சராசரி 18.4, நியமவிலகல் 1.2 என்றால், 95% நம்பிக்கை இடைவெளிக்கு 2.262×1.2÷√10, ஆகவே 18.4 ± 0.86. இரண்டு நெறிமுறைகளின் வித்தியாசம் இதைவிடச் சிறிதென்றால் "சிறந்தது" என்ற சொல்லை எழுதாதீர்கள்.

கொழும்பில் படிப்பவர்களுக்குக் கள அளவீடு பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. காலிமுகத்திடல் போன்ற திறந்த வெளியில் இரு அன்டெனாக்களையும் 1.5 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால், 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு (அலைநீளம் 0.125 மீட்டர்) முறிவுத் தூரம், அதாவது இழப்பு வேகமாகக் கூடத் தொடங்கும் இடம், 4×1.5×1.5÷0.125 = 72 மீட்டர். அதற்கு அப்பால் இழப்பின் அடுக்கு 4ஐ நோக்கி ஏற வேண்டும். 10 மீட்டர் இடைவெளியில், ஒவ்வொரு புள்ளியிலும் நூறு பெறுமானங்களாவது எடுங்கள். கையில் பிடிக்காமல் தாங்கியில் வையுங்கள், உடம்பே சிக்னலை மறைக்கும். சனம் கூடாத அதிகாலை நல்லது. மழை நாளில் மோசமான பெறுமானம் வந்தால் மழைமேல் பழியைப் போட வேண்டாம். இந்த அலைவரிசையில், சில நூறு மீட்டருக்குள், பெருமழையின் இழப்பு டெசிபெலின் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நனைந்த மரக்கிளைகளையும் இடம்மாறிய ஆட்களையும் பாருங்கள்.

வெள்ளவத்தை மாடிக்குடியிருப்புகள் வேறு வகைப் பாடம். 1, 6, 11 என்ற சனல்களில் ஒதுங்காமல் 3இலும் 8இலும் நிற்கும் ரவுட்டர்கள் இரு பக்கத்தையும் கெடுக்கும். இதை என்எஸ்-3இன் யான்ஸ் மாதிரி காட்டாது, அயல் சனலின் இடையூறு அதில் இல்லை. ஸ்பெக்ட்ரம் மாதிரிக்கு மாறுங்கள், ஓட்டம் மெதுவாகும் என்பதையும் கால அட்டவணையில் கணக்கெடுங்கள். மொனிட்டர் நிலையில் (சுற்றிலுமுள்ள எல்லாப் பாக்கெட்டுகளையும் கேட்கும் நிலை) பிடிப்பதற்கு வைஃபை அட்டை இடம் தருகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பிடிக்கும்போது சனலை ஒன்றில் பூட்டுங்கள், தாவித் தாவிப் பிடித்தால் இழப்பு விகிதம் பொய்யாகும்.

அயலவரின் மேக் முகவரிகளும் அந்தக் கோப்பில் விழும். ஹெடரோடு நிறுத்தி, முகவரிகளைச் சேமிக்கும் முன்பே மறைகுறியாக்குங்கள். இலங்கையில் தனிநபர் தரவுக்கென 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நெறிக்குழுவின் அனுமதி வர வாரக்கணக்கில் ஆகலாம், எனவே விண்ணப்பத்தை ஆய்வு முன்மொழிவோடு சேர்த்தே கையளியுங்கள்.