கைபேசித் திரையை மடிக்கணினி வழியாகக் காட்டிச் செயலிகளைக் கற்பித்தல்

கைபேசிச் செயலி ஒன்றைப் பலர் கூடியிருக்கும் இடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தால், பெரும்பாலானோர் அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, ஸ்லைடுகளில் அடுக்கி, தொட வேண்டிய இடங்களுக்குச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படங்களில் செயலியின் தோற்றம் இருக்கும். அதை இயக்கும் விதம் இருக்காது. லேசாகத் தொட வேண்டுமா, சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டுமா, எந்தப் பக்கம் தள்ள வேண்டும், தெரியாமல் வேறு பக்கத்துக்குப் போய்விட்டால் எப்படித் திரும்புவது என்பவைதாம் புதிதாகக் கற்பவரைத் திணறவைப்பவை. மூத்தவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சும் யூ.பி.ஐ. பணப்பரிமாற்றமும் கற்பித்துவருபவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து இது: கையிலிருக்கும் கைபேசியையே மடிக்கணினி வழியாகப் பெரிய திரைக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க அதை இயக்கிக்காட்ட வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைபேசிக்கு நான் பயன்படுத்துவது, ஆங்கிலத்தில் எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்னும் ஆறு எழுத்துகளால் எழுதப்பட்டு ‘ஸ்கிரீன் காப்பி’ என்று உச்சரிக்கப்படும் கட்டற்ற மென்பொருள். ஜெனிமொபைல் நிறுவனத்தைச் சேர்ந்த ரோமன் விமோன் உருவாக்கி 2018-இல் வெளியான இது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு 5.0-உம் அதற்குப் பிந்தையதும் உள்ள கைபேசி போதும். கைபேசியை ரூட் செய்ய, அதாவது அதன் முழுக் கட்டுப்பாட்டு உரிமையைத் திறக்க வேண்டியதில்லை, கைபேசியில் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, விளம்பரமும் இல்லை. கைபேசி தன் திரையைக் காணொளியாகச் சுருக்கி யூ.எஸ்.பி. கேபிள் வழியே அனுப்ப, மடிக்கணினி அதை ஒரு சாளரத்தில் விரித்துக் காட்டுகிறது. தாமதம் நொடியில் பத்திலொரு பங்கைவிடக் குறைவு என்பதால், விரல் நகர்வதும் பெரிய திரை மாறுவதும் பார்ப்பவருக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஆண்ட்ராய்டு 11 முதல் கைபேசியின் ஒலியும் மடிக்கணினிக்கு வந்துவிடும்.

தயார் செய்வது எளிது. கைபேசியின் அமைப்புகளில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தொட்டால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்ற மறைந்திருக்கும் பட்டியல் திறக்கும், அதில் கேபிள் வழியே கணினி கைபேசியை இயக்க அனுமதிக்கும் ‘யூ.எஸ்.பி. டீபக்கிங்’ என்பதை இயக்கி, கேபிளைச் செருகி, மடிக்கணினியில் ஸ்கிரீன் காப்பியைத் தொடங்கி, கைபேசியில் தோன்றும் அனுமதிக் கேள்விக்கு ஒப்புதல் தர வேண்டும். ஷாவ்மி, ரெட்மி போன்ற சில கைபேசிகளில், மடிக்கணினியின் மவுஸால் கைபேசியை இயக்க அதே பட்டியலில் உள்ள பாதுகாப்பு தொடர்பான இரண்டாவது டீபக்கிங் தேர்வையும் இயக்க வேண்டியிருக்கும். இவ்வளவும் செய்தும் திரை வரவில்லையென்றால் முதலில் ஐயப்பட வேண்டியது கேபிளைத்தான்: சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவைக் கடத்தாத கேபிள்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. வைஃபை வழியாகவும் இணைக்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் அதற்குத் தனி வசதியே உண்டு. ஆனாலும் பலர் அமர்ந்திருக்கும் அரங்கில் நான் கேபிளைத்தான் நம்புவேன், ஏனெனில் பொது வைஃபைகள் பலவற்றில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேசுவதே தடுக்கப்பட்டிருக்கும்.

திரை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கற்பிப்பவரின் கவனம் தொடங்க வேண்டிய இடமே அதுதான். கைபேசியில் விரல் பட்ட இடம் பெரிய திரையில் தானாகத் தெரியாது. பார்ப்பவருக்குப் பக்கங்கள் தாமாகவே மாறுவதாகத் தோன்றுமே தவிர, எதனால் மாறின என்பது புரியாது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஷோ டாப்ஸ்’ என்பதை இயக்கினால், விரல் படும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு வெண்புள்ளி தோன்றும். அழுத்திப் பிடித்தால் நிற்கும், இழுத்தால் கூடவே நகரும். ஸ்கிரீன் காப்பியைத் தொடங்கும்போதே இதை இயக்கும்படி கட்டளையிடவும் வழியுண்டு. ஆனால் இந்தப் புள்ளி உண்மையான விரல் தொடுதலுக்கு மட்டுமே தோன்றும், மவுஸால் சொடுக்கினால் தோன்றாது. அதனால் மவுஸ் வசதியாக இருந்தாலும், கைபேசியைக் கையில் பிடித்து விரலாலேயே இயக்குவதுதான் கற்பவருக்கு நல்லது. நாளை அவர்கள் வீட்டில் செய்யப்போவதும் அதையேதான்.

தமிழ்த் தட்டச்சைக் கற்பிக்கும்போது இது இன்னும் முக்கியமாகிறது. ‘கொ’ என்ற எழுத்தை வரவழைக்க எந்த விசைகளை எந்த வரிசையில் தொட வேண்டும் என்பதை விரலின் நகர்வைப் பார்த்தே கற்க முடியும். மடிக்கணினியின் விசைப்பலகையில் தட்டிக் கைபேசிக்குள் தமிழைச் செலுத்த முயல்பவர்கள் ஏமாற்றமடைவார்கள்: ஸ்கிரீன் காப்பியின் இயல்பான முறையில் ஆங்கில எழுத்துகளும் வேறு சில குறிகளும் மட்டுமே போகும். நீண்ட தமிழ்ப் பத்தி ஒன்று கைபேசியில் தேவைப்பட்டால், மடிக்கணினியில் நகலெடுத்து, கண்ட்ரோல் விசையுடன் ‘வி’ விசையை அழுத்தி ஒட்டினால் அது அப்படியே போய்ச் சேரும்.

பெரிய திரையின் வடிவத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். நெட்டையாக நிற்கும் இன்றைய கைபேசித் திரை, அகலமான ப்ரொஜெக்டர் திரையில் ஏறத்தாழ கால்பங்கு அகலத்தையே பிடிக்கும். ஆகையால் பின்வரிசையில் இருப்பவரும் படிக்க, கைபேசியின் அமைப்புகளில் எழுத்தின் அளவை ஒன்றிரண்டு படிகள் கூட்டிவைக்கிறேன். கறுப்புப் பின்னணி வெளிச்சமுள்ள அறையில் மங்கிப்போகும் என்பதால் வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிவிடுகிறேன். எஞ்சியிருக்கும் முக்கால்பங்கு இடத்தில், அப்போது செய்துகொண்டிருக்கும் படியைப் பெரிய எழுத்தில் ஒரே வரியாகத் தட்டி வைப்பது மிகவும் உதவுகிறது. இணையவழி வகுப்பென்றால், முழுத்திரையைப் பகிராமல் ஸ்கிரீன் காப்பியின் சாளரத்தை மட்டும் தேர்ந்து பகிர்ந்தால், கைபேசி மட்டும் தெளிவாகத் தெரியும்.

ஐபோனுக்கு வழி வேறு. மேக் கணினி இருந்தால், கேபிளால் இணைத்து, அதிலேயே உள்ள குயிக்டைம் பிளேயர் செயலியில் புதிய காணொளிப் பதிவைத் திறந்து, கேமராவாக ஐபோனைத் தேர்ந்தால் திரை வந்துவிடும். 2014-இல் வந்த ஐபோனின் ஐ.ஓ.எஸ். 8, மேக்கின் யோசெமிட்டி ஆகிய இயங்குதளப் பதிப்புகளிலிருந்து இது இருக்கிறது. விரல் பட்ட இடத்தைப் புள்ளியாகக் காட்டும் அமைப்பு ஐபோனில் இல்லாததால், ஒவ்வொரு தொடுதலையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட நான் கண்டிப்பாக இருப்பது அந்தரங்கம் பற்றிய விஷயத்தில். சொந்தக் கைபேசியைப் பெரிய திரையில் திறந்தால், வந்துசேரும் குறுஞ்செய்தி, ஓ.டி.பி., குடும்பத்தார் அனுப்பும் படம் அனைத்தும் அரங்கம் முழுவதும் தெரியும். ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பை இயக்குவது குறைந்தபட்சத் தேவை. வகுப்புக்கென்று ஒரு பழைய கைபேசியை ஒதுக்கிவைப்பது அதைவிடச் சிறந்தது. யூ.பி.ஐ. செயலியில் பின் எண் இடும் பக்கம் வரும்போது பெரிய திரை கறுத்துப்போகும். செயலி தன் பக்கத்தைப் படம் பிடிக்கவிடாமல் தடுப்பதே அதற்குக் காரணம். கற்பவர்களிடம் இதை விளக்கிச் சொல்வதை நான் தவறவிடுவதில்லை, ஏனெனில் அந்த எண்ணை எவருக்கும் காட்டக்கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. ஆனால் ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய கைபேசிகளில் அப்பக்கமும் மடிக்கணினியில் தெரிந்துவிட வாய்ப்புண்டு. அத்தகைய கைபேசியில் பின் எண் இடும் பக்கத்துக்கு முன்பாகவே நிறுத்திவிட வேண்டும். டீபக்கிங் இயங்கும்போது திறக்க மறுக்கும் வங்கிச் செயலிகளும் உள்ளன. எனவே எந்தச் செயலியைக் காட்டப்போகிறோமோ அதை முந்தைய நாளே இணைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வகுப்பு முடிந்ததும் யூ.எஸ்.பி. டீபக்கிங்கை அணைத்துவிட வேண்டும். பிறருடைய மடிக்கணினியில் இணைத்திருந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸிலேயே உள்ள, முன்பு தந்த அனுமதிகளைத் திரும்பப் பெறும் வரியையும் தொட வேண்டும். இல்லாவிட்டால், ‘எப்போதும் அனுமதி’ என்று ஒப்புதல் தந்திருக்கும் அந்தக் கணினி, டீபக்கிங் மீண்டும் இயங்கும்போது கேட்காமலேயே கைபேசிக்குள் நுழைய முடியும்.