பன்னிரண்டு டாலர் டி-ஷர்ட்

2013-இல் அமெரிக்காவில் ஒரு பாட்காஸ்ட் குழு, இன்னும் தைக்காத டி-ஷர்ட்டை 25 டாலருக்கு விற்றது. 50,000 டாலர் திரண்டால் போதும் என்று, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் அறிவித்தார்கள். 20,000 பேருக்கு மேல் பணம் கட்டியதில் 5,90,000 டாலர் சேர்ந்துவிட்டது. ஆர்டர் கையில் இருக்கிறது, நூலைக்கூட இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. திருப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே பழக்கம். என்ன, நமக்கு யாரும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே தருவதில்லை.

அந்த பாட்காஸ்டின் பெயர் பிளானட் மணி. என்.பி.ஆர். என்ற அமெரிக்கப் பொது வானொலியின் நிகழ்ச்சி. 2008-இல் வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்த சமயத்தில் தொடங்கியது. பொருளாதாரத்தைப் பாடமாக நடத்துவதில்லை. எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அதைக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். 2010-இல் வங்கிகளைக் கவிழ்த்த அந்த வாராக்கடன் பத்திரத்தில் 1,000 டாலருக்கு ஒரு துண்டு வாங்கினார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதை நேயர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2016-இல் 100 பீப்பாய் கச்சா எண்ணெய் வாங்கி, அது பெட்ரோல் பங்க் வரை போவதைத் தொடர்ந்தார்கள். டி-ஷர்ட்டும் அந்த வகைதான்.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பையரின் டிசைன், அளவு விவரம் எல்லாம் அடங்கிய டெக் பேக் வந்ததும் காஸ்டிங் போட்டு விலை சொல்வதில் தொடங்கி, கடைசிப் பெட்டி தூத்துக்குடிக்கு வண்டி ஏறும் வரை என் தலையில்தான். ஆங்கிலம் காதில் பழகட்டும் என்று ஒரு நண்பர் சொல்லித்தான் அந்த டி-ஷர்ட் வரிசையைக் கேட்க ஆரம்பித்தேன். அவினாசி பஸ்ஸில் நின்றபடி கேட்டதில் ஆங்கிலம் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியாது. தினமும் நான் எக்செல்லில் தட்டும் வரிகளை யாரோ ஊர் ஊராகப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார்கள் என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

பஞ்சு மிசிசிப்பியிலிருந்து. ஆண்கள் டி-ஷர்ட்டுக்கு நூல் இந்தோனேசியாவில் ஓடியது, தையல் வங்கதேசத்தில் சிட்டகாங்கில். பெண்கள் டி-ஷர்ட் கொலம்பியாவில் மெடலின் நகரத்தில். ஜாக்கி கம்பெனி தயாரித்துக் கொடுத்தது. மேலே அச்சிட்ட படம், மார்ட்டினி கோப்பை பிடித்த ஒரு அணில். கணக்கை மீறி மனிதரை முதலீட்டுக்குத் தள்ளுகிற உணர்ச்சியைப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 'விலங்கு உந்துதல்' என்றார்; அதைப் பற்றிய கேலி அது. ஆண்கள் டி-ஷர்ட்டைத் தயாரித்து நேயர் வீட்டு வாசலில் சேர்க்க ஆன செலவு 12 டாலர் 42 சென்ட். நாங்கள் சாதாரண ரவுண்ட் நெக்கை இரண்டரை, மூன்று டாலருக்குக் கப்பல் ஏற்றுகிறோம். முதலில் அந்தக் கணக்கைக் கேட்டபோது வயிறு எரிந்தது. பிறகு யோசித்தால், ஒவ்வொரு டி-ஷர்ட்டையும் தனித்தனி கவரில் போட்டு அமெரிக்கத் தபாலில் அனுப்புவது எப்படிப்பட்ட செலவு! சிட்டகாங்கிலிருந்து நியூயார்க் வரை கன்டெய்னரில் வர ஒரு டி-ஷர்ட்டுக்குச் சில சென்ட்தான். நியூயார்க்கிலிருந்து ஓஹியோவில் ஒரு வீட்டுக்குப் போகத்தான் டாலர் கணக்கில் ஆகிறது. கடல் மலிவு, தெருதான் விலை.

இன்னொன்று வரி. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் அப்போது இறக்குமதி வரி 16.5 சதவீதம். வங்கதேசத்து டி-ஷர்ட் அதைக் கட்டியது. கொலம்பியாவோடு 2012-இல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டதால் அந்த டி-ஷர்ட்டுக்கு ஒன்றுமில்லை. ஒரே பையர், ஒரே அணில், வரி மட்டும் வேறு. எங்களுக்கு இதே கதை ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தது. வங்கதேசத்துக்குப் பூஜ்யம், நமக்கு 9.6 சதவீதம். ஓவர்லாக் தையல் மெஷினில் வினாடி வினாடியாகப் பிடித்து மிச்சம் செய்வதை ஏதோ ஒரு தலைநகரத்தில் போட்ட ஒரு கையெழுத்து வாரிக்கொண்டு போகும். "நம்ம தையல் அவங்களை விட சுத்தம், அப்புறம் ஏன் ஆர்டர் அங்கே போகுது" என்று கேட்கிற சூப்பர்வைசர்களிடம் அதுவரை நான் ஏதேதோ சொல்லிச் சமாளிப்பேன். அந்த வாரம் முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் புரிந்தது, உடனே கோபமும் வந்தது.

புதிதாகச் சேரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் காஸ்டிங் சொல்லிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. முன்பெல்லாம் ஷீட்டைத் திறந்து, இது நூல், இது நிட்டிங், இது டையிங், இது காம்பாக்டிங் என்று வரி வரியாகப் போவேன். பாட்காஸ்ட்காரர்களிடம் திருடிய முறை வேறு. ஒரு கிலோ முப்பதாம் நம்பர் கோம்டு நூலை மேசையில் வைத்துவிட்டு, "இது எத்தனை டி-ஷர்ட் ஆகும்?" என்று கேட்பேன். முடித்த டி-ஷர்ட்டை எடை போட்டால் ஏறக்குறைய 170 கிராம் வரும். உடனே ஆறு என்பார்கள், அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் நிட்டிங்கில் கொஞ்சம், சாயத்தில் கொஞ்சம், கட்டிங்கில் கழுத்து, அக்குள், ஓரம் என்று ஒரு பெரிய பங்கு போய்விடும். கைக்கு வருவது நாலு, நாலரை. மீதி எங்கே போச்சு என்று அவர்களே தேடிப் போக வேண்டும். கட்டிங் மேசைக்குக் கீழே மூட்டை மூட்டையாக பனியன் வேஸ்ட் கிடக்கும். அதற்கு ஒரு விலை உண்டு, வாங்க ஒரு வியாபாரி உண்டு. மெக்கானிக் ஷாப்பில் கை துடைக்கும் துணியாகவும், ஓப்பன் எண்ட் மில்லில் மறுபடி நூலாகவும் போகிறது. ஷீட்டில் ஒற்றை எண்ணாக இருக்கிற 'வேஸ்டேஜ்' என்பது ஒரு தனித் தொழில் என்று அப்போதுதான் தெரியவரும். ஷீட்டில் சாயத்துக்கான வரி வந்தால் எங்கள் ஊர் ஆறான நொய்யல் பற்றிய பேச்சு வந்தே தீரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட ஆற்றில் விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு மாறிய பிறகு சாயக்கூலி ஏறியதும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

அந்த டி-ஷர்ட் கதையைத் தையல் லைனில் சொன்னபோது கேட்டவர்களில் ஓவர்லாக் அக்கா ஒருவர். கதை முழுக்கத் தலையை நிமிர்த்தவில்லை. தோள் ஜாயிண்ட் அடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க தம்பி, அந்த வங்கதேசத்துல ஒரு ஷிப்ட்டுக்கு எவ்வளவுங்க?"

"மாசச் சம்பளமுங்கக்கா. எம்பது டாலர் பக்கம். அப்ப நம்ம காசுக்கு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"அது எட்டு மணி நேரத்துக்கா, ஒன்றரை ஷிப்ட்டுக்கா?"

"ஓவர்டைம் எல்லாம் சேர்த்துத்தான் இருக்கும்."

"அப்ப அது சம்பளமில்லீங்க. அஞ்சரைக்கு மேல ஓட்டற அந்த அரை ஷிப்ட்டு இருந்தாத்தான் நமக்கே வீட்டு வாடகை. ஆர்டர் கம்மியாச்சுன்னா மொதல்ல வெட்டறது அதைத்தான்."

காஸ்டிங் ஷீட்டில் தையல் கூலி ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று ஒரே எண். காலை பதினொரு மணிக்குத் தைத்தாலும் இரவு எட்டரைக்குத் தைத்தாலும் அது மாறாது. அக்காவின் வாழ்க்கை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில் ஓடுகிறது. 12 டாலர் 42 சென்ட்டை எப்படிப் பிரித்துப் போட்டாலும் இந்த விஷயம் அதில் வராது. சராசரி விலையைச் சொல்லும் எந்தக் கணக்கிலும் வராது.

அந்த வரிசையோடு எனக்கு இருக்கிற பிணக்கும் இதுதான். அது வெளிவந்த அதே ஆண்டு ஏப்ரலில் வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வங்கதேசத்தில் குறைந்தபட்சக் கூலி 3,000 டாக்காவிலிருந்து 5,300 டாக்காவாக உயர்ந்தது. பஞ்சைத் தொட்டார்கள், கப்பலைத் தொட்டார்கள், பழைய டி-ஷர்ட் கென்யாவின் சந்தையில் மறுபடி விலைபோவது வரை பின்தொடர்ந்தார்கள். அருமையான வேலை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர்களுடைய டி-ஷர்ட்டுக்குப் பணம் முன்கூட்டியே வந்துவிட்டது. விலை மாறினால் யார் தலையில் விழும் என்ற கேள்வியே எழாத ஒரு டி-ஷர்ட் அது. எங்கள் தொழிலில் பாதிப் பொருளாதாரம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நூல் மில்கள் மாதம் பிறந்ததும் விலை அறிவிப்பார்கள். அந்த மே மாதம் கிலோவுக்கு 40 ரூபாய் ஒரேயடியாக ஏறியது. ஏப்ரலிலும் ஏறித்தான் இருந்தது. கிலோவுக்கு நாலு டி-ஷர்ட் என்றால் டி-ஷர்ட்டுக்குப் பத்து ரூபாய். 50,000 பீஸ் ஆர்டருக்கு ஐந்து லட்சம். ஆர்டருக்கு விலை சொன்னது மூன்று மாதத்துக்கு முன்பு, பையர் கையெழுத்துப் போட்ட விலை அப்படியே நிற்கிறது. ஐந்து லட்சத்தை யார் போடுவது? முதலாளி கொஞ்சம் விழுங்கினார். நிட்டிங்காரருக்கும், ஆள் வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரருக்கும் பில் பாஸாவது தள்ளிப்போனது. பவர் டேபிள்காரர் சனிக்கிழமை வாரச் சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்கினார். மே 16, 17 இரண்டு நாள் ஊரே கடையடைத்தது. பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை மத்திய அரசு அந்த ஏப்ரலிலேயே விலக்கியிருந்தது. பஞ்சு கப்பலில் வந்து, மில்லில் ஓடி, நூலாகி எங்கள் கைக்கு வருவதற்குள் அந்த சீசன் ஆர்டர்கள் எல்லாம் முடிந்துவிட்டன. பஞ்சின் வழியைக் கேட்டுப் பழகியிருந்ததால், வரி விலக்கு எப்போது எங்கள் நூலில் தெரியும் என்று ஆபீசில் சொல்ல முடிந்தது. சொல்லி ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் கூடுதல் வரி என்றபோது இன்னும் தெளிவாகப் பார்த்தேன். சட்டப்படி இறக்குமதி வரியைக் கட்டுவது அங்கே இருக்கிற இறக்குமதியாளர். டிவியில் பேசியவர்கள் சிலர் அதைச் சொல்லியே ஆறுதல்பட்டார்கள். எங்கள் இன்பாக்ஸில் மறுநாள் காலை வந்த மெயில்கள் வேறு மாதிரி இருந்தன. இவ்வளவு சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் தைத்து வைத்த சரக்கை எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் நிறுத்தி வையுங்கள். பையரின் பெயர் அச்சடித்து, லேபிள் தைத்து, விலைச்சீட்டு கட்டிய சரக்கை வேறு யாரிடம் விற்பது? எங்கள் ஊரில் மிச்சச் சரக்கு விற்கும் காதர்பேட்டையில் கிலோ கணக்கில்தான் போகும். பேரம் பேசும் பலம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் வரி போய் விழுகிறது. விலை மாறினால் வாங்குபவரும் விற்பவரும் எவ்வளவு விலகிக்கொள்ள முடியும் என்பதைப் பாடப்புத்தகத்தில் தேவை நெகிழ்ச்சி, அளிப்பு நெகிழ்ச்சி என்று இரண்டு கோடு போட்டுக் காட்டுவார்கள். எனக்கு அந்த மெயில்களைப் படித்தபோது அந்தக் கோடுகள் முதல்முறையாகப் புரிந்தன.

தமிழில் பொருளாதாரம் பேசும் நிகழ்ச்சிகள் இப்போது நிறைய. கேட்கிறேன். பெரும்பாலும் பத்தாவது நிமிடத்தில் தங்கம் வாங்கலாமா, மியூச்சுவல் ஃபண்டா என்று வந்து நின்றுவிடுகின்றன. கேட்பவருக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஏற்றுமதியில் வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாயைச் சுற்றி வருகிற ஒரு ஊரில், ஒரு டி-ஷர்ட்டின் விலை மாறும்போது எத்தனை வீட்டுச் செலவு மாறுகிறது என்று யாராவது மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும். எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று நான் கூட்டிப் போகிறேன். நூல் டீலர் ஒருவர், சாய ஆலை மேனேஜர் ஒருவர், சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு பவர் டேபிள் ஓனர். மூன்று மணிக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சம்பளத்துக்குப் பணம் வருமா வராதா என்று அந்த நேரத்தில்தான் அவருக்கே தெரியும்.

எங்கள் கொட்டேஷனில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: நூல் விலை இன்ன அளவுக்கு மேல் ஏறினால் விலை மறுபடி பேசப்படும். முதலாளியிடம் நூல் கணக்கைப் போட்டுக் காட்டித்தான் அதைச் சேர்க்க வைத்தேன். ஐரோப்பாவில் சின்ன பையர்கள் சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். பெரியவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, மீதியை ஓகே செய்து அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.