தட்டினால் டொக்கென்று கேட்கிற சுவர்

வேறு நாட்டுக்கு வந்துவிட்டோம் என்பதை விமான நிலையத்தைவிடச் சுவர்தான் உறைக்கும்படி சொல்கிறது. ஊரில் ஆணி வளையும், பூச்சு உதிரும், விரல் நசுங்கும். சுவர் மட்டும் விட்டுக்கொடுக்காது. இங்கே இரண்டே அடியில் ஆணி தலைவரைக்கும் உள்ளே போகிறது. இழுத்தால் அதே சுளுவில் வெளியே வருகிறது. விரலை மடக்கித் தட்டினால் காலி டப்பா மாதிரி டொக் டொக். செங்கல் சுவருக்குள் வளர்ந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சத்தம் அது. இதை நம்பியா கராஜில் பலகை அடித்துப் பெட்டிகளை ஏற்றுவது?

ஏற்றலாம். அமெரிக்க, கனடிய வீடுகளில் வெளியே தெரிகிற டிரைவால் என்பது காகிதம் ஒட்டிய ஜிப்சம் அட்டை. பெரும்பாலும் அரை அங்குலம், கராஜில் பல இடங்களில் அதற்கு மேல் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அது எதையும் தாங்காது. அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கிற மரக்கால்கள்தான் வீட்டையே தாங்குகின்றன. ஸ்டட் என்பது அவற்றின் பெயர். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 16 அங்குலம். சில கராஜ்களில் 24. ஊர்ப் பழக்கத்தில் துளை போட்டு பிளக் வைத்து ஸ்குரூ முடுக்கினால் அட்டையோடு பிய்த்துக்கொண்டு வரும். சுமை முழுக்க ஸ்டட்டில் இறங்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி விற்கிறார்கள். ஒரு சின்னக் காந்தமே போதும். அட்டையை ஸ்டட்டோடு பிடித்திருக்கும் ஸ்குரூக்களின் மேல் அது ஒட்டும். ஒட்டிய இடங்கள் செங்குத்தாக ஒரே கோட்டில் வந்தால் ஸ்டட் அங்கேதான். ஆனாலும் மெல்லிய ஆணியால் இடமும் வலமும் குத்தி, மரம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பார்த்து நடுவைக் குறியுங்கள். ஸ்டட்டின் அகலம் ஒன்றரை அங்குலம்தான். ஓரத்தில் இறங்கிய ஸ்குரூ மரத்தைப் பிளக்கும். பிளந்தது அட்டைக்குப் பின்னால் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இந்த அளவு விஷயத்தில் ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. பள்ளியில் சென்டிமீட்டர் படித்தோம். ஆனால் ஆசாரி வாயிலிருந்து அது ஒருநாளும் வந்ததில்லை. அவருக்கு அடி, அங்குலம், நூல்தான். இங்கே வாங்குகிற டேப்பிலும் அதே அங்குலம், அதற்குள் அதே எட்டு நூல். முக்கால் அங்குல பிளைவுட் என்றால் ஆறு நூல். "ரெண்டு நூல் கூட விடு" என்று திண்ணையில் கேட்ட குரல், பனி பெய்கிற ஊரின் மூடிய கராஜில் திரும்பக் கேட்கும். ஒன்று மட்டும் புதிது: இரண்டுக்கு நாலு என்று விற்கும் சட்டத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். இழைத்து உலர்த்திய பிறகு மிஞ்சும் அளவு அது. கணக்கை அதில் போடுங்கள்.

எட்டடி நீளப் பலகை இரண்டுக்கு, 4க்கு 8 அடி பிளைவுட் ஒன்று, எட்டடிச் சட்டம் மூன்று போதும். பிளைவுட்டை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால், ரம்பம் தின்றது போக, ஒவ்வொன்றும் 16 அங்குலத்துக்கு ஒரு நூலுக்குள் குறையும். மூன்றாவது துண்டு மிச்சம். ஒரு சட்டத்திலிருந்து இரண்டு முக்கோணத் தாங்கிகள் வரும்: ஒவ்வொன்றுக்கும் சுவரோடு நிற்க 16 அங்குலம், பலகையைச் சுமக்க 15, சாய்முட்டுக்கு 15. முட்டின் இரு முனையும் 45 பாகையில் வெட்ட வேண்டும்.

தாங்கியின் கட்டைகளைச் சேர்க்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். படுக்கைக் கட்டையை நிற்கும் கட்டையின் தலைமேல் உட்கார வையுங்கள். முகத்தில் முட்டவைத்து முடுக்கினால் ஸ்குரூ மரத்தின் வெட்டுமுனையில் இறங்கும். இழுவை வந்ததும் உருவிக்கொள்ளும். மூன்று அங்குல மர ஸ்குரூ எடுங்கள். டிரைவாலுக்கான கறுப்பு ஸ்குரூ வேண்டாம், அது வளையாமல் பட்டென்று ஒடியும்.

நிற்கும் கட்டைக்கு 16 அங்குல உயரம் ஏன் என்று கேட்டால் இதுதான் கணக்கு. 16 அங்குல அகலப் பலகையில் பரவலாக வைத்த சுமை, சுவரிலிருந்து 8 அங்குலத்தில் தொங்குவதற்குச் சமம். ஒரு தாங்கியின் பங்கு 60 கிலோ, அதன் மேல் ஸ்குரூவுக்கும் கீழ் ஸ்குரூவுக்கும் 12 அங்குல இடைவெளி என்றால், மேல் ஸ்குரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை சுமார் 40 கிலோ. இடைவெளி 3 அங்குலமாக இருந்தால் அதுவே 160.

சுவரில் பிடிக்க மூன்றரை அங்குல லேக் ஸ்குரூ (ஸ்பேனரால் முடுக்கும் தடித்த மர ஸ்குரூ), தடிமன் இரண்டரை நூல், வாஷரோடு, தாங்கிக்கு இரண்டு. சட்டத்தில் இரண்டரை நூல் துளை, ஸ்டட்டில் ஒன்றரை நூல் துளை. துளையில்லாமல் முடுக்கினால் ஸ்டட் பிளக்கும், அல்லது ஸ்குரூவின் தலை அறுந்து கையில் வரும். வாஷர் மரத்தில் அழுந்தியதும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் உள்ளே மரநார் கிழிந்து வெறுமனே சுழலும். டிரில் இரும்பில் முட்டினாலும் நிறுத்துங்கள். மின்கம்பியையோ குழாயையோ காக்கும் தகடு அது. பிளக் பாயின்ட் இருக்கும் ஸ்டட்டையே விட்டுவிடுவது நல்லது.

தரையிலிருந்து அளக்காதீர்கள். கராஜ் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும், தண்ணீர் ஓட. ரசமட்டம் வைத்து ஒரே கோடு இழுத்து, அதில் ஒரு ஸ்டட் விட்டு ஒரு ஸ்டட்டாக, 32 அங்குலத்துக்கு ஒன்று என்று மூன்று தாங்கிகள். இருபுறமும் 16 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். 24 அங்குல ஸ்டட் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு தாங்கி வையுங்கள், அப்போது சட்டம் இன்னும் ஒன்று வேண்டும். வீட்டோடு ஒட்டிய சுவரில் தவறிப்போன துளைகளைப் பூசி அடைத்துவிடுங்கள், அந்த அட்டை தீ பரவாமல் தடுப்பதற்கும்தான்.

இத்தனையும் முடிந்து, கதவு மேலேறும் தண்டவாளத்தில் இடிக்காமல் பலகை நின்றுவிட்டால், இந்த வீடு நம் கைக்குப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்ன வாய் மூடுமுன், எதை மேலே ஏற்றுவது என்ற கேள்வியில் பரண் வந்து நிற்கிறது. வருஷம் ஒருமுறை இறங்குகிற பொருள்தான் பரணுக்குப் போகும். இங்கே அந்த இடத்துக்கு முதலில் வருபவை ஊருக்குப் போகும் பெட்டிகள். பெரிய பெட்டி நிமிர்ந்து நிற்க, மேல் பலகைக்கும் கூரைக்கும் இடையில் 32 அங்குலமாவது விடுங்கள்.