வெடிக்காத பூச்சு: குச்சியில் பிஸ்கட் உருண்டை, நான்காம் சுற்று

நேற்றிரவு பதினொன்றரை மணிக்குச் சமையலறை விளக்கை அணைப்பதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். பலகையில் நின்ற 22 உருண்டைகளில் 20 உருண்டைகளின் சாக்லேட் பூச்சில் கீறல்கூட விழவில்லை. காலையில் எழுந்து பல் துலக்குவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன். அப்போதும் 20 என்ற எண்ணிக்கை மாறாமல் இருந்தது. மூன்று வாரங்களாக இந்த ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனுக்கு இது சிறிய செய்தி அல்ல என்பதால், நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன்.

அக்கா மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு அடுப்பில் பேக் செய்யாமல் குச்சியில் செருகித் தரும் தின்பண்டம் செய்து தருகிறேன் என்று நானாகவே வாக்குக் கொடுத்தேன். வீட்டில் ஓவன் இல்லை. அதை வாங்கும் எண்ணமும் இல்லை. கலவையில் புதுமை எதுவும் கிடையாது. மாரி பிஸ்கட் 250 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், கோகோ தூள் 20 கிராம், பொடியாக நறுக்கிய முந்திரி 30 கிராம் ஆகியவற்றைச் சேர்த்தால் 550 கிராம் வரும். அதைத் தராசில் வைத்து 25 கிராம் வீதம் பிரித்தால் சரியாக 22 உருண்டைகள் கிடைக்கும். பிஸ்கட்டை மிக்ஸியில் மாவாக அரைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கையால் நொறுக்கினால் பெரிய துண்டுகள் தங்கி, குச்சியைச் செருகும் நேரத்தில் உருண்டை பிளந்துவிடுகிறது. ரவா லாடு பிடித்தே பழகிய அம்மா, என் முதல் சுற்று உருண்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உருண்டையே ஒழுங்காப் பிடிக்க வரல, அதுக்குள்ள குச்சி வேறயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உள்ளங்கையில் வைத்து இறுக்கி அழுத்திய பிறகு உருட்டுவதற்கும், அழுத்தாமல் வெறுமனே உருட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அவரிடமிருந்துதான் கற்றேன்.

இனி அந்தப் பூச்சுக்கு வருகிறேன். முதல் சுற்றில், எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு உறுதி என்று நம்பி, உருண்டைகளை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்த கையோடு உருக்கிய டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டில் (கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த வகை) முக்கினேன். பூச்சு பத்து நொடிகளில் கல்லாக இறுகியது. மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னியது. நானும் கைப்பேசியில் படமெல்லாம் எடுத்தேன். இருபது நிமிடங்களுக்குப் பிறகு முதல் 'டிக்' ஓசை கேட்டது. அதன்பின் ஒவ்வொன்றாக வெடித்து, படுக்கப் போவதற்குள் 22-இல் 17 உருண்டைகளில் உச்சியிலிருந்து குச்சியின் அடிவரை விரிசல் ஓடியிருந்தது. அந்த விரிசல்களின் வழியே மறுநாள் வெண்ணெய்க் கசிவு முத்து முத்தாக வெளியே வந்து நின்றது.

இதற்கான காரணம் புரிந்த பிறகு எளிமையாகத்தான் தெரிகிறது. உறைந்த உருண்டையின் மேல் படும் சாக்லேட் உடனடியாக இறுகிச் சுருங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் உருண்டையோ அறை வெப்பத்துக்குத் திரும்பும்போது மெல்ல விரிகிறது. ஓடு சுருங்கிவிட்டது, உள்ளிருப்பது பெரிதாகிறது என்றால் ஓடு உடைவதைத் தவிர வேறு வழியில்லை. இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சென்னைக் காற்றில் உள்ள ஈரம் ஃப்ரீசரிலிருந்து வந்த உருண்டையின் மேல் நொடியில் பனியாகப் படிந்து, பூச்சுக்கும் உருண்டைக்கும் இடையே ஒரு நீர்ப்படலமாக நின்றுவிடுகிறது. அதனால் பூச்சு சரியாகப் பற்றுவதில்லை.

இரண்டாம் சுற்றில் எதிர்த்திசையில் அளவுக்கு மீறிப் போய்விட்டேன். குளிரே வேண்டாம் என்று முடிவெடுத்து, மே மாத மதியத்தில் மின்விசிறி மட்டும் ஓடிய சமையலறையில் முக்கினேன். வெண்ணெய் இளகியிருந்த உருண்டைகள் சாக்லேட்டின் பாரத்தைத் தாங்காமல் குச்சியைவிட்டு நழுவி, ஒன்றன்பின் ஒன்றாக டம்ளருக்குள் இறங்கின. கரண்டியால் அவற்றைத் துழாவி எடுத்ததில் சாக்லேட் முழுவதும் பிஸ்கட் துகளாகி, மீதியிருந்த உருண்டைகளின் மேல் அம்மை போட்டதுபோல் பூச்சு விழுந்தது. அந்தச் சுற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாம் சுற்றைச் சாப்பிடுவதற்காகச் செய்யவில்லை, சோதித்துப் பார்ப்பதற்காகவே செய்தேன். உருண்டைகளை ஃப்ரீசரில் வைக்காமல் சாதாரணக் குளிர்பெட்டித் தட்டில், மூடிய டப்பாவில் ஓர் இரவு முழுவதும் வைத்தேன். மறுநாள் 26 பாகைக்குக் குளிரூட்டிய படுக்கையறையில் மேசை போட்டு, 16 உருண்டைகளை நான்கு நான்காகப் பிரித்து, வெளியே எடுத்து 5, 10, 15, 20 நிமிடங்கள் கழித்து முக்கினேன். ஒவ்வொரு தொகுதி முக்கும்போதும், பலி கொடுக்க ஒதுக்கிய தனி உருண்டை ஒன்றின் நடுவில் சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஐந்து நிமிடத் தொகுதியில் உள்வெப்பம் 9 பாகை இருந்தது. நான்கில் மூன்று வெடித்தன. பத்து நிமிடத்தில் ஒன்று வெடித்தது. பதினைந்து நிமிடத்தில், அதாவது உள்வெப்பம் ஏறத்தாழ 15 பாகை இருந்தபோது, எதுவும் வெடிக்கவில்லை. இருபது நிமிடத்திலும் வெடிப்பு இல்லை என்றாலும் ஓர் உருண்டை குச்சியில் அரை விரற்கடை கீழே இறங்கியது. ஆகவே என் அறைக்கும், என் வெண்ணெய் அளவுக்கும், 25 கிராம் எடைக்கும் பதினைந்து நிமிடம் என்பதே கணக்கு. உங்கள் உருண்டை பெரியதாக இருந்தால் கடிகாரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள்.

சாக்லேட்டின் சூட்டையும் நான் 38 முதல் 40 பாகைக்குள் நிறுத்திக்கொண்டேன். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது அது 45 பாகையைத் தொடும். இறக்கிக் கிளறிக்கொண்டே ஆறவிட்டால் சில நிமிடங்களில் 40-க்கு வந்துவிடும். சூடு அதிகமானால் உருண்டையின் மேற்பரப்பு இளகிக் குச்சி தளர்கிறது. குறைந்தால் பூச்சு தடித்துக் கனத்துப்போகிறது. உருக்கிய சாக்லேட்டைக் கிண்ணத்தில் வைத்து உருண்டையைச் சுழற்றிச் சுழற்றிப் பூசும் முறையை நான் முற்றிலும் கைவிட்டுவிட்டேன். வீட்டில் மோர் குடிக்கும் ஒடுக்கமான எவர்சில்வர் டம்ளர்தான் இதற்குப் பொருத்தமான கருவி. உருண்டையைச் செங்குத்தாக உள்ளே இறக்கி, குச்சியின் அடிவரை மூழ்கியதும் திருகாமல் நேராக மேலே எடுத்து, சற்றே சாய்த்துப் பிடித்து மணிக்கட்டில் மறுகையால் தட்டிக்கொண்டே மெல்லச் சுழற்றினால் மிகுதி வழிந்துவிடும். ஓர் உருண்டைக்கு 8 முதல் 10 கிராம் சாக்லேட்தான் பிடிக்கிறது. ஆனால் டம்ளரில் ஆழம் வேண்டும் என்பதற்காக 350 கிராம் உருக்க வேண்டியிருக்கிறது. மீந்ததைப் பட்டர் பேப்பரில் ஊற்றி இறுகவைத்து அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

குச்சியின் நுனியை உருக்கிய சாக்லேட்டில் தொட்டுச் செருகும் உத்தி அனைவரும் அறிந்ததே. உருண்டையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை செருகிய பிறகுதான் அவற்றைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதையும், குச்சியும் உருண்டையும் சேரும் இடத்தில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் எண்ணெய் அங்கேதான் கசியும் என்பதையும் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

குச்சியைப் பற்றி ஒரு புலம்பல் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் மிட்டாய்க்கும் ஐஸுக்குமான பிளாஸ்டிக் குச்சிகள் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டன, அது நல்லதுதான். அதனால் காகிதக் குச்சியையே நாட வேண்டும். இணையத்தில் முதலில் வாங்கிய கட்டு, எச்சில் பட்ட மாத்திரத்தில் பஞ்சாகப் பிரிந்து, குழந்தையின் வாயில் நார் நாராக ஒட்டும் தரத்தில் இருந்தது. பிறகு பாரிமுனைப் பக்கம் ஒரு சனிக்கிழமை அலைந்து, 6 அங்குல நீளமுள்ள, இறுகச் சுருட்டிய குச்சிகளை நூறாகக் கட்டி விற்கும் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரரிடம் ஒரு குச்சியை வாங்கி நுனியை இரண்டு நிமிடம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூங்கில் குச்சியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கூர்முனையை நறுக்கிவிட்டாலும் ஓடியாடும் ஏழு வயதுப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நிறுத்தி வைப்பதற்கும் இதே கதைதான். அலங்காரத்துக்கான தெர்மாகோலும் அதே தடைப் பட்டியலில் இருக்கிறது என்பதால், கல்யாண வீட்டில் பழத்துண்டுகளைக் குத்தி வைப்பதுபோல வாழைத்தண்டை வெட்டிக் குத்தினேன். பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால் தண்டின் நீரை உறிஞ்சிய காகிதக் குச்சிகள் அரை மணி நேரத்தில் வளைந்து வணக்கம் சொல்லத் தொடங்கின. ஆழமான பாத்திரத்தில் அரிசி நிரப்பிக் குத்தினால் குச்சி நிற்கிறது என்றாலும் ஒருபுறமாகச் சாய்கிறது. இறுதியில் தெருமுனைத் தச்சரிடம் பழைய அலமாரிப் பலகை ஒன்றைக் கொடுத்து, 4 மில்லிமீட்டர் துளைகளை இரண்டு அங்குல இடைவெளியில் போட்டு வாங்கினேன். இந்த முயற்சியில் நான் செய்த மிகச் சிறந்த செலவு அதுதான்.

பூச்சைத் தரமுயர்த்துவதாக நினைத்து நான் செய்த ஒரு மடமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டார்க் காம்பவுண்டின் சுவை தட்டையாக இருக்கிறது என்று, அதில் நல்ல கூவெர்ச்சர் சாக்லேட்டை மூன்றில் ஒரு பங்கு கலந்தேன். காம்பவுண்டில் இருப்பது பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெய் வகைக் கொழுப்பு. கூவெர்ச்சரில் இருப்பது கோகோ வெண்ணெய். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் தனித்தனியே இறுகும் வெப்பநிலையில்கூட இறுகாமல் இளகியே கிடக்கின்றன. நான்கு நாள்களில் மேற்பரப்பில் சாம்பல் நிறமும் பூத்தது. கூவெர்ச்சர் மட்டுமே வேண்டும் என்றால் முறைப்படி டெம்பர் செய்ய வேண்டும். டார்க் வகையை 45 பாகைக்கு மேல் உருக்கி, 27-க்கு இறக்கி, மீண்டும் 31-க்கு ஏற்றும் அந்த வேலையை அறை வெப்பமே 33 பாகை இருக்கும் மாதத்தில் தொடங்குவதற்கு எனக்குத் துணிவில்லை. பூச்சு தடித்தால் தேங்காய் எண்ணெய் சேர்ப்பது காம்பவுண்டுக்குப் பொருந்தும், ஏனெனில் இரண்டும் ஒரே கொழுப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் 200 கிராமுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் நம் வெயிலில் கையிலேயே ஒட்டும். எண்ணெயும் மணமில்லாததாக இருக்க வேண்டும். செக்கில் ஆட்டியதை ஊற்றினால் சாக்லேட் அவியல் வாசனை அடிக்கும்.

அடுத்து என்ன செய்யலாம் என்று இப்போதே மனம் ஓடுகிறது. மார்ஷ்மெல்லோவைக் குச்சியில் செருகி முக்குவது இதைவிட எளிது. ஆனால் அதில் வழக்கமாக ஜெலட்டின் இருக்கும், எங்கள் வீட்டில் பாதிப் பேர் சைவம் என்பதால் பச்சைப் புள்ளி போட்ட வகையைத் தேட வேண்டும். கருப்பட்டிப் பாகில் பொரி உருண்டை பிடித்துச் சூட்டோடு குச்சி செருகினால் எப்படி இருக்கும் என்ற யோசனையும் இருக்கிறது. அதற்கு உருண்டை பிடிக்கும் கை அம்மாவுடையதாக இருக்க வேண்டும்.

அதற்கு முன் நடப்பு வேலை பாதியில் நிற்கிறது. அக்கா மகள் கேட்டது இளஞ்சிவப்பு உருண்டை. வெள்ளைக் காம்பவுண்டில் கேக் கிரீமுக்குப் போடும் ஜெல் நிறத்தை இரண்டு சொட்டு விட்டேன். அதில் இருந்த நீர் பட்டதும் 200 கிராம் சாக்லேட் ஒரே கணத்தில் புட்டுமாவாகத் திரண்டுவிட்டது. அதைச் சூடான பாலில் கரைத்து இரண்டு நாள் குடித்தோம். சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரையும் நிறமோ தூள் நிறமோதான் பொருந்தும் என்பதைப் படித்திருந்தும் அவசரத்தில் மறந்தேன். தூள் நிறம் நாளை வந்து சேரும். வெள்ளைக் காம்பவுண்ட் டார்க்கைவிடத் தடிப்பாக உருகுகிறது, விரைவில் அடியும் பிடிக்கிறது. ஆகையால் பதினைந்து நிமிடக் கணக்கு அதற்கும் பொருந்துமா என்பதை மறுபடியும் நான்கு நான்காகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். நேற்று வெடித்த இரண்டையும் அறுத்துப் பார்த்தேன். இரண்டிலும் முந்திரித் துண்டு ஒன்று மேற்பரப்பில் முட்டிக்கொண்டிருந்தது. விரிசல் சரியாக அந்த இடத்திலிருந்தே கிளம்பியிருந்தது. இளஞ்சிவப்புச் சுற்றில் முந்திரியையும் பிஸ்கட்டோடு சேர்த்து அரைத்துவிடப் போகிறேன். பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி இரவு உருண்டை பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து, சனி இரவு முக்குவதாகத் திட்டம்.